இரண்டு டிரங்குப் பெட்டி இசைத்தட்டு, நான்கு மூட்டை அரசியல் புத்தகம்: மொத்தமாக எடுக்கலாமா?

கரும்பலகை (தேவகோட்டை)

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் போன ஆடியில் காலமானார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் திராவிடர் கழகம், பிறகு தி.மு.க., கடைசிக் காலத்தில் எல்லாக் கட்சியையும் பாரபட்சமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். உள்ளே இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் நான்கு சாக்கு மூட்டை புத்தகங்களும் கிடக்கின்றன. பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

ஒரு மாலை போய்ப் புரட்டிப் பார்த்தேன். முதல் பெட்டியில் மேலே எல்பி தட்டுகள். முப்பதுக்குக் குறையாமல் இளையராஜா படங்கள். கீழே நாய்ப் படம் போட்ட கனமான பழைய தட்டுகள், சில பட வசனத் தட்டுகள், நாகூர் ஹனிபா. பல தட்டுகளின் நடுக் காகிதத்தில் ஏதோ ஒரு 'சவுண்ட் சர்வீஸ்' ரப்பர் முத்திரை குத்தி, வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கிறது. மூட்டைகளில் மாநாட்டு மலர்கள், ஆனைமுத்து தொகுத்த பெரியார் சிந்தனைகள் மூன்று தொகுதி (ஒன்றுக்கு முதுகு இல்லை), மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு. இவை தவிர, சணல் போட்டுக் கட்டிய சிறு வெளியீடுகள் ஒரு கட்டு. பாதிக்கு மேல் அட்டை இல்லை, ஆண்டும் இல்லை.

மொத்தமாக 22,000 ரூபாய் கேட்கிறார்கள். இதற்கிடையில் மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, இளையராஜா தட்டுகளை மட்டும் 15,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், மீதியை டீச்சர் 7,000 ரூபாய்க்கு எடுக்கட்டும் என்கிறார். எனக்கு வேண்டியது மீதிதான் என்பதால் இது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

கேட்க வேண்டியவை: தட்டு ஓடுமா என்று, கையில் பிளேயர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்டு போடாத வெளியீட்டின் காலத்தை எப்படி ஊகிப்பது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கதாக இதில் என்ன இருக்கும்? என் கணவருக்கு ஒரே கேள்விதான்: எங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

குழாய்ஸ்பீக்கர் (மணப்பாறை)

டீச்சர், முதல் வேலையாக அந்த வியாபாரி ஞாயிறுவரை பெட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் உறுத்தல் சரியானதுதான். கணக்கு எப்படிப் போட்டாலும் உங்களுக்கு 7,000 ரூபாய்தான் செலவு. ஆனால் முதலில் கை வைப்பவர் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவர் இளையராஜா என்றுதான் சொல்வார். பெட்டியைத் திறந்ததும் "இந்த ஹனிபா தட்டு இரண்டையும் சேர்த்துவிடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்" என்பார். பிறகு வசனத் தட்டு. பிறகு அந்தச் சணல் கட்டையே "குப்பைதானே" என்று தூக்கிக்கொண்டு போவார். மொத்தத்தையும் நீங்கள் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். பிறகு அந்த முப்பது தட்டையும் நீங்களே அவருக்கு விற்றுக்கொள்ளுங்கள். இளையராஜா எல்பிக்குச் சந்தையில் எப்போதும் கிராக்கி இருக்கிறது. அவர் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். இன்று விற்றால் நாளை வேறொரு பிரதி கிடைக்கும். மற்றவை அப்படி இல்லை.

அந்த ரப்பர் முத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். அது மைக் செட் காரரின் சரக்கு. என் அப்பா மணப்பாறையில் மைக் செட் வைத்திருந்தவர். எண்பதுகளில் கேசட் வந்ததும் ஊர் ஊராக மைக் செட் காரர்கள் தட்டுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். உங்கள் பெரியவர் அப்படி ஒருவரிடம் மொத்தமாக எடுத்திருப்பார். வெள்ளைப் பெயிண்ட் எண் என்பது பதிவேட்டு எண். இருட்டில், மேடைக்குப் பின்னால், டார்ச் வெளிச்சத்தில் தட்டைத் தேடி எடுக்க அதுதான் வழி. எண் இருந்தால் நோட்டும் இருந்திருக்கும். பெட்டியின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழேயும் பாருங்கள். தடித்த அட்டை போட்ட நீள நோட்டாக இருக்கும். முன்பாதியில் தட்டுகளின் பட்டியல், பின்பாதியில் வாடகைக் கணக்கு.

அப்பாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "சந்தைப்பேட்டை. தி.மு.க. கூட்டம். குழாய் 4, மைக் 1. ரூ. 35. வரவு 20. பாக்கி 15." அடுத்த வாரமே அதே இடம், காங்கிரஸ் கூட்டம், அதே 35 ரூபாய், பாக்கி 20. மைக் செட்டுக்குக் கட்சி கிடையாது, பாக்கி வைப்பதிலும் கட்சிகளுக்குள் பேதம் கிடையாது என்பார் அப்பா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 1967 தேர்தலில் ஆட்சி மாறியது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எந்தத் தெருமுனையில் எத்தனை குழாய் கட்டினார்கள், அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது இந்த மாதிரி நோட்டில்தான் கிடைக்கும்.

கூட்டம் ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் அடிப்பார்கள், தலைவர் பதினொன்றுக்கு வருவார். இடைப்பட்ட ஐந்து மணி நேரம் கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைத்தது தட்டுதான். தி.மு.க. மேடை என்றால் ஹனிபாவின் 'அழைக்கின்றார் அண்ணா' இல்லாமல் ஆரம்பிக்காது. காங்கிரஸ் மேடைக்குப் பாரதி பாட்டுகள். பாரதி பாட்டு 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் கனமான பழைய தட்டு) ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள், வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் அமையாது. பாரதி பாடல்களைத் தட்டில் பதியும் உரிமை, புத்தக உரிமையிலிருந்து பிரிந்து தனியாகக் கைமாறிக்கொண்டிருந்தது. கடைசியில் அது ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. அவர் படம் எடுப்பதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகளை விற்றவர், தட்டு வியாபாரம் அத்துப்படி. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதியின் படைப்பு உரிமைகளை ஏற்றபோது, செட்டியார் தன் கையிலிருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். நாட்டு விடுதலையைப் பாடியவனின் பாட்டை யார் பாடலாம் என்பதற்கு அதுவரை அனுமதி வேண்டியிருந்தது! இதைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

வசனத் தட்டுகளுக்கு வருகிறேன். பராசக்தி (1952), வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), திருவிளையாடல் (1965) ஆகியவை எல்லா மைக் செட்டிலும் இருந்தன. பராசக்தி வசனத்தைச் சென்னை மூர்மார்க்கெட் பக்கத்தில் தெருவில் நின்று மூச்சு விடாமல் ஒப்பித்துக் காசு வாங்கியவர்கள் உண்டு. ஊர்த் திருவிழாவில் தட்டு ஓடும்போது சிவாஜியோடு சேர்ந்து முன்வரிசையே பேசும். அதனால்தான் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். விலை கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். எவ்வளவு பிரபலமோ அவ்வளவு தேய்மானம். ஓடாத படத்தின் தட்டு புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

பிளேயர் இல்லாமல் பார்க்கும் முறை. வெயில் சாய்வாக விழும் ஜன்னல் ஓரம் போங்கள். தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நல்ல தட்டு கறுப்பாக, எண்ணெய் தடவியது மாதிரி மின்னும். ஓடி ஓடித் தேய்ந்தது வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும். அழுக்கும் வெளுப்பாகத் தெரியும், ஈரத்துணியால் ஒரு ஓரம் துடைத்தால் வித்தியாசம் புரிந்துவிடும். அடுத்து நடுத்துளை. தட்டைக் கம்பியில் மாட்டும்போது தடவித் தடவி மாட்டுவதால் துளையைச் சுற்றிக் காகிதத்தில் மெல்லிய கோடுகள் விழும். கோடு அதிகம் என்றால் ஓட்டமும் அதிகம். கீறலை நகத்தால் குறுக்கே தடவுங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சத்தத்தில் தெரியாது. தட்டுப்பட்டால் 'டக் டக்' நிச்சயம். பிறகு கண்ணாடி மேசையில் வைத்து நெளிவு பாருங்கள்.

கனமான 78 தட்டுகள் வேறு ஜாதி. அவை அரக்கு. நடுத்துளையில் விரல் கோத்துத் தொங்கவிட்டு, விளிம்பில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள், பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல. கணீர் என்றால் நல்லது. சத்தம் மொத்தையாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. சாராயம் கலந்த எந்தத் திரவத்தையும் 78 தட்டில் படவிடாதீர்கள். கம்ப்யூட்டர் திரை துடைக்கும் ஸ்பிரிட்டும் ஆகாது. அரக்கு கரைந்துவிடும், பாட்டும் கூடவே போய்விடும். வாய்க்கால் மாதிரி ஓடும் பள்ளத்தை மென்மையான துணியால், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தால் போதும்.

78 என்றாலே ஐம்பதுக்கு முந்தியது என்று வியாபாரி அளப்பார், நம்ப வேண்டாம். மின்சாரம் வராத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டிதான் இருந்தது என்பதால் நம் நாட்டில் அறுபதுகளிலும் 78 அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. பீட்டில்ஸ் பாட்டே கல்கத்தா டம்டம் ஆலையில் 78 தட்டாக வந்திருக்கிறது. இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் துரத்துகிறார்கள். உங்கள் பெட்டியில் தப்பித்தவறி இருந்தால் இன்னொரு வீடே வாங்கலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் 22,000 ரூபாயை மறந்துவிடலாம்.

நடைபாதை வாசகன் (சென்னை)

மைக் செட் அண்ணன் தட்டுப் பக்கத்தை முடித்துவிட்டார். புத்தகப் பக்கம் நான் வருகிறேன். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையிலும், 1985இல் மூர்மார்க்கெட் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளிலும் இந்தச் சரக்கைத்தான் பல காலமாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டு போடாத வெளியீட்டுக்கு முதல் சாட்சி விலை. பின்னட்டை கிழிந்திருந்தாலும் உள்தாளில் எங்காவது இருக்கும். அணாவில் விலை என்றால் அநேகமாக 1957க்கு முன். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. 'ந.பை.' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். வெறும் 'பைசா' என்றால் அதற்குப் பின். மாற்றக் காலத்தில் இரண்டு விலையும் சேர்த்து அச்சிட்டவர்கள் உண்டு, அது கிடைத்தால் இன்னும் நெருங்கிவிடலாம். அடுத்தது முகவரி. 'சென்னை-2' என்று மட்டும் இருந்தால் பழையது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது. 'சென்னை மாநிலம்' என்று எழுதியிருந்தால் 1969 ஜனவரிக்கு முன், அதன் பிறகு தமிழ்நாடு.

ஆனால் எனக்குப் பிடித்த சாட்சி எழுத்து. லை, னை, றா, ணா எல்லாம் சுழித்த பழைய வடிவத்தில் இருந்தால் எழுபதுகளின் கடைசிவரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம், ஏனென்றால் அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல்தான். பெரியாரோ 1935லேயே குடிஅரசில் அந்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே விலை அணாவில், எழுத்து இன்றைய வடிவில் என்று ஒரு வெளியீடு கையில் வந்தால், அட்டையே இல்லாவிட்டாலும் அது பெரியார் வழி அச்சகத்துச் சரக்கு என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பிறகு உள்ளே கட்சிப் பெயரைப் பாருங்கள். நீதிக்கட்சி என்று பேசினால் 1944 சேலம் மாநாட்டுக்கு முன். திராவிடர் கழகம் என்று மட்டும் இருந்து, அண்ணாவும் பெரியாரும் ஒரே மேடையில் பேசினால் 1949 செப்டம்பருக்கு முன். இந்தத் துப்பறியும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். அட்டையில்லாத பத்து வெளியீட்டைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து ஆண்டு கண்டுபிடிக்கச் சொன்னால், பாடப்புத்தகம் நான்கு பக்கத்தில் சொல்லாததை ஒரு பீரியடில் பிடித்துக்கொள்வார்கள்.

எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்கிறேன். அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமை. கலைஞரின் நூல்களும் 2024இல் நாட்டுடைமையாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். பழைய அட்டை என்பதற்காக மட்டும் அதிக விலை வேண்டாம். 'ஆரிய மாயை' மட்டும் விதிவிலக்கு. அந்தப் புத்தகத்துக்காக 1950இல் அண்ணாவுக்குத் தண்டனை கிடைத்தது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் அது புத்தகம் மட்டுமல்ல, வழக்கின் சான்றும்கூட. ஆனைமுத்துவின் மூன்று தொகுதி 1974இல் வந்தது. பிற்காலத்தில் விரிந்த பதிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆய்வாளர்கள் பக்க எண் சொல்லி மேற்கோள் காட்டுவது பழைய பதிப்பைத்தான். முதுகு போனால் போகட்டும், வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் இருபது முப்பது தலைப்புகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்து போட்டிருந்தால் வாசிக்க அது போதும். தேடியும் கிடைக்காதவைதான் உங்கள் 7,000 ரூபாய்க்கு உரியவை. அநேகமாக அவை மாநாட்டு மலர்களாகவும், அந்தச் சணல் கட்டாகவும் இருக்கும். மலரில் கட்டுரைகளைவிட விளம்பரங்களைப் படியுங்கள். மாநாட்டுக்கு எந்தச் சோடா கம்பெனி, எந்த நகைக்கடை, எந்த பஸ் முதலாளி பக்கம் வாங்கி வாழ்த்துச் சொன்னார், அடுத்த மாநாட்டில் யார் காணாமல் போனார் என்பதில் ஒரு மாவட்டத்தின் அரசியல் இருக்கிறது.

சணலை அவிழ்த்ததும் உதறாதீர்கள். உறுப்பினர் ரசீது, கூட்ட நோட்டீஸ், கடிதம் எல்லாம் பக்கங்களுக்கு நடுவில்தான் இருக்கும். எந்தப் புத்தகத்துக்குள் எது இருந்தது என்று எழுதிவிட்டு எடுங்கள். ஓரக் குறிப்பையும் அழிக்க வேண்டாம். திருவல்லிக்கேணியில் நான் வாங்கிய ஒரு மன்றத்துப் படிப்பகப் பிரதியில், ஒருவர் பென்சிலால் "இது பொய்" என்று எழுதியிருக்கிறார். கீழே நீல மையில் இன்னொருவர்: "முழுதும் படித்துவிட்டுப் பேசு." அதற்கும் கீழே மூன்றாவது கை: "இருவரும் சந்தா பாக்கி." புது அச்சில் இதெல்லாம் வருமா?

நூலக முத்திரை இருந்தால், கழித்துக்கட்டியதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நூலகத்தையே கேட்டுவிடுவது மரியாதை.

சில்லறைக் கணக்கு (கோவை)

எல்லோரும் டீச்சரை உசுப்பேற்றுகிறீர்கள். எதிர்க்கட்சியாக ஒருவராவது பேச வேண்டும்.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். இப்படி மொத்தமாக வாங்கியவர்கள், நான்கு வருடம் கழித்து அதே மூட்டையைப் பிரிக்காமல் கொண்டுவந்து எடைக்குப் போடுகிறார்கள். இடையில் நடந்த ஒரே மாற்றம் கரையான். நாமெல்லாம் சம்பளக்காரர்கள், ரோஜா முத்தையா நூலகம் அல்ல. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பழைய புத்தகங்களைக் காப்பாற்ற சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. உங்களுக்கு யார் வருவார்கள்?

நான் என்றால் சணல் கட்டு, மலர்கள், ஹனிபா, வசனம் இவற்றை மட்டும் தனியாக விலை பேசுவேன். மாஸ்கோ புத்தகங்களில் முன்னேற்றப் பதிப்பகத்தின் சிறுவர் நூல்களை எடுப்பேன். தாளும் கட்டும் இன்றைக்கும் அசையாது, பள்ளி நூலகத்துக்கு உதவும். தத்துவத் தொகுதிகளை அங்கேயே வைத்துவிட்டு வருவேன். 1991இல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அவற்றைக் கேட்டு வருபவர்களை விரல்விட்டு எண்ணலாம். 78 தட்டு நூறு இருந்தால் இருபது கிலோவுக்குக் குறையாது. மாடி வீடா, தரைத்தளமா என்றுகூட யாரும் இங்கே கேட்கவில்லை. டீச்சரின் கணவர் கேட்டதுதான் இந்தத் திரியிலேயே உருப்படியான கேள்வி.

மூட்டையை வாங்கினால் நேராக அலமாரியில் ஏற்றாதீர்கள். இராமபாணப் பூச்சி இருக்கும். வராந்தாவில் தனியாக இரண்டு வாரம் வைத்து, ஒவ்வொன்றாகத் தூசி தட்டி உள்ளே எடுங்கள். கடும் வெயிலில் காயவைக்க வேண்டாம், பழைய தாள் அப்பளமாக நொறுங்கும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினீர்கள் என்றால் பூச்சியே பரவாயில்லை.

குழாய்ஸ்பீக்கர் (மணப்பாறை)

கோவைக்காரரே, பொறுக்கி எடுக்கச் சொல்வது சுலபம். எதைப் பொறுக்குவது என்று முதல் நாளே தெரிந்துவிடுமா? அந்த ரப்பர் முத்திரைத் தட்டுகள் ஒரே பெட்டியில், ஒரே எண் வரிசையில் இருக்கும்வரைதான் அது ஒரு மைக் செட்டின் சரித்திரம். 41ஐ எடுத்துவிட்டு 42ஐ விட்டுவந்தால் இரண்டும் வெறும் பழைய பாட்டு. வேண்டாததைப் பிறகு கழியுங்கள். முழுப் பட்டியல் எழுதிய பிறகு கழியுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது. எடை பற்றி நீங்கள் சொன்னது சரி.

கரும்பலகை (தேவகோட்டை)

எல்லோருக்கும் நன்றி. நேற்றே போய்ப் பேசி முடித்துவிட்டேன். 20,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்கள். அந்த வியாபாரி மறுபடியும் வந்திருந்தார். மைக் செட் ஐயா எழுதியபடியே, முதலில் ஹனிபா தட்டின் மேல்தான் கை வைத்தார்! இளையராஜா தட்டுகளை அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நோட்டு கிடைக்கவில்லை. இரண்டு பெட்டியின் அடிக்காகிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். முத்திரையில் பரமக்குடி என்று ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. எண்கள் 3இல் தொடங்கி 212 வரை போகின்றன, நடுவில் நிறைய விட்டுப்போயிருக்கின்றன. பாரதி பாட்டு ஒன்று இருக்கிறது. தட்டிப் பார்த்தேன், கணீர் என்கிறது.

சணல் கட்டில் பிரித்தவரை அணா விலை போட்டவை ஒன்பது. அவற்றில் இரண்டில் லையும் னையும் இன்றைய வடிவில் இருக்கின்றன. ஒன்றின் உள்ளே 1965 இந்தி எதிர்ப்புக் காலத்து மாணவர் நோட்டீஸ் ஒன்று நான்காக மடித்து வைத்திருந்தது. வெளியீடு அதைவிடப் பழையது, ஆகவே பெரியவர் பிற்பாடு செருகி வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதிக்கொண்டேன்.

கணவர் மாடிப்படிக்குக் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறார். தரைத்தளம்தான். தட்டுகளை அங்கே படுக்கவைத்து அடுக்கலாமா? பிளேயர் எது வாங்குவது?

குழாய்ஸ்பீக்கர் (மணப்பாறை)

நல்ல காரியம் செய்தீர்கள், டீச்சர். படிக்குக் கீழே என்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம், ஐப்பசி அடைமழையில் அட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். தட்டுகளைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி, சாயாமல், நெருக்கி நிறுத்துங்கள். படுக்கவைத்தால் அடியில் இருப்பது எல்பி என்றால் நெளியும், 78 என்றால் உடையும். எல்பிக்குள் வழவழப்பான பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் காகித உறை போடுங்கள். தரையிலிருந்து நான்கு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டு அதன்மேல் பெட்டியை வையுங்கள்.

பிளேயருக்கு அவசரப்பட வேண்டாம். சூட்கேஸ் மாதிரி அழகாக மடக்கும் புது பிளேயர்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் மலிவானவற்றில் ஊசியைத் தாங்கும் கை கனமாக அழுத்தும், தட்டைத் தின்றுவிடும். 33, 45, 78 மூன்று வேகமும் இருக்கிறதா, கையின் எடையைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 78 தட்டுக்கு ஊசி தனி. அதன் பள்ளம் எல்பியைவிட மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து கரகரவென்று மண்ணைத்தான் வாரும். கடைக்காரர் எல்லாத்துக்கும் ஒரே ஊசிதான் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

212 வரை எண் போட்டவர் பரமக்குடியில் பெரிய கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே பழைய மைக் செட் காரர்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். முத்திரையைப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நோட்டு அவர் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.